அணைத்த பிறகு கேட்டது

பத்து மணிக்கு என்று நோட்டீஸில் போட்டால் பதினொன்றேகாலுக்குத்தான் ஆரம்பிப்பார்கள், இருபத்தாறு வருஷமாக மைக் செட் கட்டுகிறவனுக்கு இதுகூடவா தெரியாது, ஆனாலும் ஏழரைக்கே வந்துவிட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை. கூம்புக்குழாய் ஒன்றை மாசிலாமணி அண்ணாச்சி வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டினேன், இன்னொன்றைத் தெருக்கோடியில் ரேஷன் கடைக்கு எதிரே இருக்கிற வேப்பமரத்தில் ஏற்றினேன், ஒயரை இழுத்தேன், பந்தல் ஓரத்தில் மேசையைப் போட்டு ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்தேன், உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. இப்போது பதினொன்று ஐம்பது. மூன்றாவது ஆள் பேசிக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சியை அடித்துக் கொன்று இன்றைக்குப் பதினாறாவது நாள். கருமாதி கிடையாது, அய்யர் கிடையாது, எள்ளும் தண்ணீரும் கிடையாது, அண்ணாச்சி உயிரோடு இருக்கும்போதே மதினியிடம் சொல்லி வைத்திருந்தாராம்: ஒரு படம் வையி, நாலு பேரு பேசட்டும், அது போதும். நாலு பேர் என்று அவர் சொன்னது நோட்டீஸில் பத்தொன்பது பேராகியிருக்கிறது. அவர் படம் ஒரு நாற்காலியில் வெள்ளைத் துணி போர்த்தி இருக்கிறது. துணியை விலக்கிப் படத்தைத் திறந்து வைக்கப்போகிறவர் நடு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், அண்ணாச்சி கட்சியின் நகரச் செயலாளர் கதிரேசன். நான் அவரைப் பார்க்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், குமிழைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்கக் கூடாது என்று நினைக்கும்போதே கண் அந்தப் பக்கம் போய்விடுகிறது, அவர் வேட்டிக் கரை தெரிகிறது, செருப்பு தெரிகிறது, அதே செருப்பாக இருக்காது, அன்றைக்கு நான் செருப்பைப் பார்க்கவே இல்லை, பெஞ்சுப் பலகை மேல் கேட்ட சத்தம்தான்.

இந்த மூன்றாவது ஆள் மைக்கைத் தின்றுவிடுகிறவர். உதட்டை ஒட்டிவைத்துக்கொண்டு கத்துவார், நான் சத்தத்தைக் குறைத்தால் என்னைத் திரும்பி முறைப்பார். ஒவ்வொரு பேச்சாளருக்கும் ஒரு குணம். ஒருவர் பேசுவதற்கு முன் மூன்று முறை தட்டுவார், ஒருவர் ஊதுவார், ஒருவர் 'இறுதியாக' என்று ஆறு தடவை சொல்வார், ஆறாவது இறுதியாகவுக்குப் பிறகுதான் விஷயத்துக்கே வருவார். எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் நான்தான் கட்டுகிறேன். ஒரே பெட்டியில் எல்லாக் கட்சிப் பாட்டும் இருக்கும், முந்தின நாள் ஒருவனை வாழ்க என்று அலறிய குழாய் மறுநாள் அவனையே ஒழிக என்று அலறும், மைக்குக்குக் கட்சி கிடையாது என்று நான் பெருமையடித்துக்கொள்வதுண்டு. பேச்சை நான் கேட்பதே இல்லை. கேட்டால் இந்தத் தொழில் செய்ய முடியாது, பைத்தியம் பிடித்துவிடும். சத்தம் கிழிகிறதா, இரைகிறதா, கடைசி வரிசைக்குப் போகிறதா என்று மட்டும்தான் என் காது பார்க்கும். அண்ணாச்சி பேசும்போது மட்டும் கேட்பேன். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற மனுஷன், முப்பது வருஷம் கட்சி மேடையில் பேசியவர், மைக்கை விட்டு ஒரு சாண் தள்ளி நின்று, பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்கிற மாதிரிப் பேசுவார். அவருக்கு மட்டும் சத்தத்தைக் கூடுதலாக வைக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால்கூடப் பேச்சை நிறுத்தாமலே என் பக்கம் திரும்பி, இடது உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து மெல்ல உயர்த்துவார். கூட்டுப்பா என்று அர்த்தம். அந்தக் கை. இந்தப் பதினாறு நாளில் அந்தக் கையை எங்கெல்லாம் பார்த்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டிராபிக் போலீஸ்காரர் கையைத் தூக்குகிறார், நான் திரும்பி வேறு தெரு வழியாக நடக்கிறேன். ஹோட்டலில் ஒருவர் இன்னொரு தோசை என்று கையைக் காட்டுகிறார், நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். என் பெண்டாட்டி செண்பகம் தூக்கத்தில் கையை மல்லாத்திப் போட்டுப் படுத்திருக்கிறாள், அதை மெதுவாக எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன்.

'தன் கடைசி மூச்சிலும் கழகம் வாழ்க என்று முழங்கிச் சாய்ந்தானே என் அண்ணன்' என்கிறார் மூன்றாவது ஆள். இதற்கு முன்னால் பேசியவர், கொள்கை வெல்லும் என்று சொல்லிச் செத்ததாகச் சொன்னார். முதல் ஆள் இன்னும் ஒரு படி மேலே போய், எதிரிகளைப் பார்த்து நெஞ்சைத் திறந்து காட்டினார் என்றார். தெருவெல்லாம் ஒட்டியிருக்கிற போஸ்டரிலும் ஏதோ ஒரு வாக்கியம் மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. யாருக்குத் தெரியும் இவர்களுக்கு? ஒருத்தருக்கும் தெரியாது. இந்த உலகத்திலேயே அவர் கடைசியாகச் சொன்னதைக் கேட்ட காது இரண்டுதான், இரண்டும் என்னுடையவை. செய்தவர்களுக்கும் கேட்டிருக்கும், அவர்கள் சொல்லப்போவதில்லை. அந்த வாக்கியத்தில் ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேருக்கு உரியவர்தான் இப்போது நடு நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நான் அந்த வாக்கியத்தை மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்ப்பதில்லை. பேர் வரைக்கும் வரும், அதற்குமேல் வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன், ஒயர் விலை, கரண்ட் பில், மாடிக் குழாயின் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று. இறுக்கமாகத்தான் இருக்கிறது. காலையில் இரண்டு தடவை பார்த்தேன். ஐந்து வார்த்தையோ ஆறு வார்த்தையோ, எண்ணிப் பார்த்ததில்லை, தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி கிடக்கிறது, சோற்றுருண்டையை விழுங்கினாலும் போக மாட்டேன் என்கிறது.

அன்றைக்குக் கூட்டம் பழைய தியேட்டர் முக்கில். அதற்கு முந்தின வாரம் அதே முக்கில் எதிர்க்கட்சிக்காரர்கள் சின்னதாக ஒரு கூட்டம் போட்டார்கள், அதற்கும் என் செட்தான். கதிரேசனின் ஆட்கள் கல்லெறிந்து கலைத்தார்கள், பேசிக்கொண்டிருந்த ஒரு கிழவருக்கு நெற்றி கிழிந்தது. மறுநாள் காலை அண்ணாச்சி என் கடைக்கு வந்து நின்றார். 'ராஜாமணி, வர்ற வெள்ளிக்கிழம அதே முக்குல எனக்கு ஒரு செட் வேணும். நம்ம ஆளுக எறிஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்கணும்ப்பா' என்றார். 'கட்சியில கேட்டுக்கிட்டீங்களா அண்ணாச்சி?' என்றேன். 'மன்னிப்புக் கேக்கறதுக்கு எதுக்கு அனுமதி? போலீசுல வாங்கிட்டேன், அது போதும்' என்று சிரித்தார். அவன் பேசட்டும், நாமளும் பேசுவோம், எவன் பேச்சு நல்லா இருக்கோ ஜனம் கேக்கட்டும், கல்லெறியறவன் தனக்குச் சொல்ல ஒண்ணுமில்லைன்னு ஒத்துக்கிறான், இதுதான் அன்றைக்கு அவர் பேச்சு, வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. அறுபது எழுபது பேர் நின்று கேட்டார்கள். நாலு மரப்பெஞ்சைச் சேர்த்துப் போட்ட மேடை, பின்னால் ஒரு படுதா, மேலே ஒரு டியூப்லைட். படுதா ஓரத்தில் தரையில் நான், என் ஆம்ப்ளிஃபயர். மணி ஏழு இருக்கும். டீக்கடைக்காரர் வடை போட்டுக்கொண்டிருந்தார், அந்த எண்ணெய் வாசனைகூட இப்போது மூக்கில் வருகிறது, அது எங்கிருந்து வருகிறது, இங்கே பந்தல் பின்னால் யாரோ ஏதோ பொரிக்கிறார்கள், இழவு வீட்டில் என்ன பொரிக்கிறார்கள். 'கல்லெறிஞ்ச பையன்களை நான் குத்தம் சொல்லல. எறியச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும், அதையும் சொல்லிட்டுத்தான் இறங்குவேன்' என்றார் அண்ணாச்சி. அப்போது டியூப்லைட்டில் கல் விழுந்தது. ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். எங்கள் தொழிலில் அது கையோடு ஊறிப்போனது, கலாட்டா என்றால் முதலில் மெஷினை அணை, அப்புறம் ஒயரைப் பிடுங்கு, அப்புறம்தான் உன் உயிர். நாற்பதாயிரம் ரூபாய்ச் சாமானை விட்டுவிட்டு ஓட முடியாது. போலீஸ்காரரிடமும் இப்படித்தான் சொன்னேன். கல் விழுந்துச்சு சார், இருட்டாயிருச்சு, மெஷினை அணைச்சேன், ஒண்ணும் தெரியல, ஒண்ணும் கேக்கல. அவர் எழுதிக்கொண்டார், மைக்கையும் எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார். வேறு ஊர் கோர்ட்டில் நாலு பையன்கள் போய்ச் சரணடைந்தார்கள், முன்விரோதமாம். கதிரேசன் அன்றைக்கு ஊரிலேயே இல்லையாம், மதுரையில் ஒரு கல்யாண வரவேற்பாம், போட்டோகூட இருக்கிறதாம்.

நாலாவது ஆளைக் கூப்பிடுகிறார்கள். மைக்கைத் தட்டுகிறார், ஒன்று, இரண்டு, மூன்று, நான் சொன்னேனல்லவா. குமிழை ஒரு மயிரிழை குறைக்கிறேன். கதிரேசன் என் கடைக்கு வந்தது மூன்றாவது நாள். தனியாகத்தான் வந்தார், டிரைவரைக்கூடத் தெருவில் நிறுத்திவிட்டு வந்தார். நான் எழுந்து நின்றேன், உட்காருப்பா என்று என் தோளைப் பிடித்து என் ஸ்டூலிலேயே என்னை உட்கார வைத்தார். இரண்டு டீ சொன்னார். 'ரொம்பப் பயந்திட்டியோ ராஜாமணி?' என்றார். 'ஆமாண்ணே' என்றேன். 'எனக்கும் மனசே சரியில்லப்பா. எப்பேர்ப்பட்ட மனுசன். உனக்கு ஏதும் கேட்டுச்சா, கிட்டத்துல இருந்தியே?' 'இல்லண்ணே. மெஷினை அணைச்சிட்டேன்.' அவர் டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். 'அதான் நல்ல புத்தி. மெஷினை அணைச்சிட்டா அப்புறம் யாருக்கு என்ன கேக்கப்போவுது' என்றார். போகும்போது, மாவட்ட மாநாட்டுக்கு முப்பது குழாய் வேண்டும், உன்னிடம்தான் என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, 'உம் மக தையல் கிளாசுக்கு நம்ம வீட்டு வழியாத்தான் போவுது போல, தினம் பாக்கறேன், நல்ல புள்ள' என்றார். நான் கும்பிட்டேன். இந்தக் கையால்தான். அவர் தெரு திரும்புகிற வரைக்கும் கும்பிட்ட கையை இறக்கவில்லை, அதை நினைத்தால் என்மேல் எனக்கே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது. மகளை மறுநாளிலிருந்து வேறு வழியாகப் போகச் சொன்னேன், அது சுற்று என்றாள், சுற்றானால் என்ன போ என்று கத்தினேன், ஏன் கத்துகிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை, அழுதுகொண்டே போனாள். ஆனால் என்னைத் தூங்கவிடாதது அந்த மிரட்டல் இல்லை. நல்ல புத்தி என்றாரே, அதுதான். என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாரே, தன் ஆள் ஒருவனைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி.

குழாய் உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதையே திருப்பித் திருப்பி நினைக்கிறேன். அந்தப் பேர் கடைத்தெரு முழுக்கக் கேட்டிருக்கும். டீக்கடையில், மருந்துக்கடையில், பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்கு எல்லாம் கேட்டிருக்கும். இத்தனை பேருக்குத் தன் பேர் கேட்டுவிட்டது என்று தெரிந்தால் எவனுடைய கையும் ஓங்கினபடியே நின்றிருக்கும், ஒருவேளை நின்றிருக்காது, எனக்குத் தெரியாது. சத்தமும் மேடை வெளிச்சமும் போனதும் ஜனங்கள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக் கலைந்தார்கள். மறுநாள் ஒருவர் என்னிடமே சொன்னார், கரண்டு வரும் வரும்னு கொஞ்சம் பாத்தேன், வரல, மேடை இருட்டுல ஒண்ணும் தெரியல, அதான் போயிட்டேன் என்று. நான் தலையை ஆட்டினேன்.

காலையில் பந்தலில் யாரும் இல்லாதபோது தவமணி மதினி டீ கொண்டுவந்தார். அண்ணாச்சி வீட்டுக்காரி, குள்ளமான மனுஷி, நெற்றியில் வழக்கம்போலப் பொட்டு, அழிக்கக் கூடாது என்றும் அண்ணாச்சி சொல்லி வைத்திருந்தாராம். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். 'தம்பி, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. அவரு கடைசியா என்ன சொன்னாரு? நீதான பக்கத்துல இருந்த.' டீ சூடாக இருந்தது, டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், கை சுட்டது. 'ஒண்ணும் கேக்கல மதினி. மெஷினை அணைச்சிட்டேன்' என்றேன். 'மெஷினை அணைச்சா ஊருக்குத்தான கேக்காது. நாலடியில இருக்கற ஒனக்குமா கேக்காது?' நான் குனிந்துகொண்டேன். அவர் இன்னும் கிட்டே வந்தார். 'வலியில கத்தினாரா? அதயாச்சும் சொல்லு. ராத்திரிக்கு எனக்கு அவரு கத்துற மாதிரியே கேக்குது. எந்திரிச்சு உக்காந்துக்கறேன். கத்தலைன்னா கத்தலைன்னு சொல்லு, நான் படுத்துக்குவேன்' என்றார். கத்தவில்லை மதினி, என்று சொல்லியிருக்கலாம். அதை மட்டுமாவது சொல்லியிருக்கலாம். கத்தவே இல்லை, சாதாரணமாகத்தான் பேசினார், பின்னே சத்தம் நின்றுபோனது. ஆனால் அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார், கேட்டது என்று ஆகிவிடும், கேட்டது என்று ஆகிவிட்டால் எல்லாம் ஆகிவிடும். 'தெரியல மதினி' என்றேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார், நான் அதில் பாதிகூடக் குடித்திருக்கவில்லை, அப்படியே கீழே ஊற்றிவிட்டுப் போனார்.

பத்தொன்பது பேரில் ஒன்பது பேர் வரவில்லை, அதனால் சீக்கிரம் முடியப்போகிறது. எனக்கு வியர்க்கிறது. மின்விசிறி பேச்சாளர் பக்கம் பார்த்து இருக்கிறது. முடிந்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விடலாம், மதினியிடம் காசு வாங்கக் கூடாது, சொல்லாமல் போய்விட வேண்டும். போய்விட்டால் அடுத்த மாதம் மாநாடு, முப்பது குழாய், முப்பது குழாயிலும் கதிரேசன் பேசுவார், நான் அவருக்கு எவ்வளவு சத்தம் வைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைப்பேன். இப்போது பேசுகிறவர் கிராமத்து ஆள், குரல் கம்மிவிட்டது, சத்தம் போதவில்லை என்று என் பக்கம் திரும்பிக் கையை உயர்த்துகிறார். உள்ளங்கை மேலே. மேலே. நான் கூட்டினேன். கூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அண்ணாச்சியின் கை கண்ணிலேயே நிற்கிறது, அன்றைக்கு அவர் திரும்பினாரே, இடது கை, சட்டைக்கை முழங்கை வரை மடித்து விட்டிருந்தார், வாட்சின் தோல்வார் தெரிந்தது, வாரில் ஒரு ஓட்டை பெரிதாகிக் கிழிந்திருந்தது. கிழிந்திருந்தது. அதை நான் எப்படிப் பார்த்தேன்? இருட்டில் எப்படிப் பார்த்தேன்? கல் விழுந்தது, இருட்டானது, அணைத்தேன், இதுதானே வரிசை, போலீஸிடம் சொன்னேனே, செண்பகத்திடம் சொன்னேனே. ஆனால் அவர் கையை உயர்த்தியது சத்தம் போனதால்தான். சத்தம் போகாமல் அவர் ஏன் திரும்பப்போகிறார். அவர் திரும்பியபோது வெளிச்சம் இருந்தது. முகத்தில் வெளிச்சம் இருந்தது, என்னப்பா ஆச்சு என்று புருவம் கொஞ்சம் சுருங்கியிருந்ததுகூடத் தெரிந்தது. அப்படியென்றால் கல் பிறகுதான் விழுந்திருக்கிறது. அணைத்தது முதலில். கலாட்டாவே இல்லை. ஒரு கல்லும் இல்லை. எறியச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும் என்றார், அடுத்த வார்த்தை வருவதற்குள் என் கை குமிழைத் திருகிவிட்டது. எவனும் என்னை அணைக்கச் சொல்லவில்லை. எவனும் காசு கொடுக்கவில்லை. நானாகவே அணைத்தேன். பேர் வந்துவிடக் கூடாதே என்று பயந்து அணைத்தேன். மைக்குக்குக் கட்சி கிடையாது என்று வாய்கிழியப் பேசுகிற நான் ஒரு மனுஷனின் வாயை அணைத்தேன், எறிகிறவன் கல்லைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே. இதைத்தான் கதிரேசன் நல்ல புத்தி என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, படுதாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எது முதலில், எது பிறகு என்று பார்த்திருக்கிறார், எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

துணியை விலக்கிவிட்டார்கள் போலிருக்கிறது, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், நானும் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். படத்தில் அண்ணாச்சி சிரிக்கவில்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிது பண்ணியிருக்கிறார்கள். கதிரேசன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மைக்கில் பேசுகிறார், அண்ணன் விட்டுச்சென்ற பணி என்கிறார், கருத்துரிமை என்கிறார், எதிரிகளுக்குப் பாடம் என்கிறார், குரல் தழுதழுக்கிறது, கச்சிதமான குரல், இரைச்சல் இல்லை, கிழிசல் இல்லை, நல்ல சத்தமாகவே போகிறது. 'அடுத்து ஏற்புரை, அண்ணியார் அவர்கள்' என்றார். மதினி வந்தார். ஸ்டாண்டு அவர் தலைக்கு மேலே இருந்தது. நான் போய் இறக்கியிருக்க வேண்டும், போகவில்லை. அவரே மைக்கை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார், வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டார், பழக்கமில்லாதவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். சத்தத்தை ஏற்றினேன். 'வந்தவகளுக்கு எல்லாம் வணக்கம்' என்றார். 'எனக்குப் பேசத் தெரியாது. முப்பது வருசம் அவரு பேசினாரு, நான் கேட்டேன். நீங்க எல்லாரும் அவரு கடைசியா இன்னது சொன்னாருன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னீக. ஒண்ணுகூட அவரு பேசுற மாதிரி இல்ல.' பந்தலில் ஒருவர் இருமினார். மதினி கதிரேசன் பக்கம் திரும்பவில்லை. ஒயரை இழுத்துக்கொண்டே நேராக என் மேசைக்கு நடந்து வந்தார், கும்பிடப் போகிறவர் மாதிரி என் முன்னால் நின்றார். மைக்கைப் பிடித்த கை கீழே தொங்கியது. 'தம்பி' என்று மெல்லிய குரலில்தான் கேட்டார், 'கத்தினாரா?'

மைக் உயிரோடு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. தம்பி என்றது மொட்டைமாடியில் கேட்டது, கத்தினாரா என்றது ரேஷன் கடை வரைக்கும் போனது. சிவப்பு விளக்கு எரிகிறது. குமிழ் என் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது. அரைத் திருகு திருகினால் போதும், மதினியிடம் மட்டும் சொல்லிவிடலாம், காதோடு சொல்லலாம், அவருக்கு நிம்மதி, எனக்கும் ஆபத்தில்லை, என் மகள் அந்த வழியாகவே தையல் கிளாசுக்குப் போகலாம். கதிரேசன் நாற்காலியை விட்டு எழுந்து, 'அண்ணி, இங்க வாங்க, எல்லாரும் காத்திருக்காக' என்றார். கட்டைவிரல் குமிழின் மேல் இருக்கிறது. என் பிள்ளை முகம் கண்ணுக்கு முன்னால் வருகிறது. பயம்தான். அன்றைக்கு இருந்த அதே பயம், அதைவிட அதிகம். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

'கத்தல மதினி' என்றேன். என் குரல் வேப்பமரத்துக் குழாயிலிருந்து அரை நொடி தாமதித்துத் திரும்பி வந்து என்னைத் தொட்டது. 'கத்தவே இல்ல. லைட்டு போயிருச்சு. மேடையில ஆள் ஏறுற சத்தம் கேட்டுச்சு. கதிரேசா, இன்னும் ரெண்டே நிமிசம்டா, முடிச்சுக்கிறேன்னாரு. அம்புட்டுதான் மதினி. வேற ஒண்ணும் சொல்லல. நான்தான் மதினி மைக்க அணைச்சேன், அவரு பேசிக்கிட்டு இருக்கும்போதே அணைச்சேன்.'

மதினி முகம் ஒரு மாதிரி ஆனது. அழப்போகிறார் என்று நினைத்தேன். உதடு கோணிக்கொண்டு சிரிப்பு வந்தது அவருக்கு, கண்ணீரும் கூடவே வந்தது. 'அவருதான்' என்றார். 'அவரேதான். ரெண்டு நிமிசம்னா அர மணி நேரம் பேசுவாரு. மேடைக்கு யாரு ஏறி வந்தாலும், நேரமாச்சுன்னு சீட்டுக் குடுக்க வர்றாகன்னுதான் நெனப்பாரு. அடிக்க வர்றாகன்னு தோணியிருக்காது அவருக்கு. தோணியிருக்காது.' முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் பேச்சு தெருக்கோடியிலிருந்து திரும்பி வருவதை அப்போதுதான் கவனித்தார் போல, கையில் இருந்த மைக்கைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அணைக்கட்டுமா என்று கேட்கவில்லை, அவரும் அணை என்று சொல்லவில்லை. பிறகு மைக்கை வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தலின் நடுவைப் பார்த்துத் திரும்பினார்.

'ஏன் கதிரேசா, நீ அன்னிக்கு மதுரையில இருந்தேன்னுல்ல சொன்ன?'

ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள் பையும் கையுமாக இந்தப் பக்கம் நடந்து வருவது பந்தல் இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. கதிரேசன் மதினியைப் பார்க்கவில்லை. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.